தங்கையின் மகளைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 38 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறோம். இவருக்கு 43, படுவான்கரையில் வயல் செய்கிறார். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னுடைய தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது அவளுடைய மகளுக்கு இரண்டே கால் வயது. அன்றிலிருந்து பிள்ளை எங்களோடுதான். இப்போது ஐந்து வயதாகப் போகிறது. என்னை அம்மா என்கிறாள், தங்கச்சியைப் போனில் பார்த்தால் 'குவைத் அம்மா' என்பாள். தங்கச்சி மாதாமாதம் காசு அனுப்புகிறாள், போன தைப்பொங்கலுக்குப் பிள்ளைக்குத் தோடும் வாங்கி அனுப்பினாள். அவளுடைய மனிசன் விட்டுவிட்டுப் போய் வெலிக்கந்தைப் பக்கம் வேறு குடும்பமாக இருக்கிறார் என்று கேள்வி.

"பிள்ளை உங்களுக்குத்தான் அக்கா, மறுகா (பிறகு) வந்து எழுதித் தாறன்" என்று தங்கச்சி போனில் சொல்கிறாள். முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கிற படிவத்தில் தாய் தகப்பன் பெயர் கேட்கிறார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து முறையாகப் பதிந்த பிள்ளைதான். ஆனால் தெரிந்த ஒருவர், கோடு கச்சேரி என்று அலையத் தேவையில்லை, ஒரு லட்சம் தந்தால் வீட்டில் பிறந்து பதியாமல் விட்ட பிள்ளை என்று காட்டி எங்கள் பெயரில் புதுச் சான்றிதழ் எடுக்கலாம் என்கிறார். மாமி சொல்கிறா, உறவில் எடுத்தால் பின்னுக்குத் தாய் வந்து பறித்துக்கொண்டு போவாள், ஹோமில் ஒரு கைக்குழந்தை எடுங்கள் என்று. எது சரி? பிள்ளையிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில் (ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர்):

அன்புள்ள மகள்,

அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட வேண்டாம். மற்றக் கேள்விகளை ஆறுதலாக யோசிக்கலாம், இதற்கு மட்டும் இன்றைக்கே 'ஏலாது' என்று சொல்லிவிடுங்கள்.

அவர் சொல்கிற காலம் கடந்த பிறப்புப் பதிவு, உண்மையிலேயே பதியப்படாமல் போன பிள்ளைகளுக்காக இருக்கிற வழி. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து காட்டோரத்திலும் முகாமிலும் பிறந்தவர்களுக்கு அது உதவியது. உங்கள் தங்கையின் மகளுக்கோ பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதே பிள்ளையை இன்னொரு தாய்க்குப் பிறந்ததாக மறுபடி பதிந்தால், 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பொய்த்தகவல் கொடுத்த குற்றம். காசும் கைமாறியிருந்தால் விஷயம் இன்னும் பாரதூரமானது. எண்பதுகளில் நம் நாட்டுக் கைக்குழந்தைகளைத் தரகர்கள் வெளிநாட்டாருக்கு விற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு 1992இல் தத்தெடுப்புச் சட்டத்தை இறுக்கினார்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையிலும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பணத்துக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுக்க ஏற்பாடு செய்வது, அதற்காகப் பிறப்புப் பதிவைத் திரிப்பதற்கு உடந்தையாவது, பெற்ற தாயைப்போல் இன்னொருத்தி நடிப்பது எல்லாம் அதற்குள் வரும். சிறைத்தண்டனை பல வருடம் வரை போகலாம். உங்கள் தரகர் எந்தத் தாளிலும் தன் பெயரைப் போட மாட்டார். கையெழுத்து வைக்கிறது நீங்களும் உங்கள் கணவரும்.

'யாருக்குத் தெரியப்போகிறது' என்று அவர் சொல்லியிருப்பார். ஊர் மிட்வைஃபுக்குத் தெரியும். கர்ப்பிணிப் பதிவு, கிளினிக் கொப்பி, ஊசி போட்ட பதிவு எல்லாவற்றிலும் இருப்பது உங்கள் தங்கையின் பெயர். இப்படியான விஷயங்கள் வெளியில் வருவதும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான். காணிச் சண்டை ஒன்று வந்தால் போதும், யாராவது ஒரு பெட்டிசம் போடுவார்கள். அப்போது பிள்ளை பத்தாம் வகுப்பில் இருப்பாள். எந்தச் சான்றிதழ் உண்மை என்று அவளிடமே கேட்பார்கள்.

2004 சுனாமி அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஒரு கைக்குழந்தைக்கு, அனுமதி இலக்கத்தை வைத்து '81ஆம் இலக்கக் குழந்தை' என்று பெயர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீடும் பத்திரங்களும் கடலோடு போய்விட்டதால், பெற்ற தாய் தகப்பன் வந்து 'எங்கட பிள்ளை' என்று சொல்லியும் உடனே கொடுக்கவில்லை. வழக்கு கோட்டுக்குப் போய், மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில்தான் குழந்தை அவர்கள் கைக்குக் கிடைத்தது. உங்களிடம் இருக்கிற பிள்ளைக்கு ஒழுங்கான பதிவு இருக்கிறது. அதன் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்தி, பிரதேச செயலகத்தில் இன்னும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது தத்தெடுப்பு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. ஒபிஸ் படிவங்களில் 'மகவேற்பு' என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். எடுக்கிறவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து கேட்கலாம், ஒருவர் மட்டும் கேட்டால் மற்றவரின் சம்மதம் தேவை. இதெல்லாம் உங்கள் இருவருக்கும் பொருந்துகிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். வருமானம், உடல்நலம், பொலிஸ் அறிக்கை, ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் எல்லாம் கேட்பார்கள். வீடு பெரிதாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துச் சுவருக்குப் பூச்சு அடிக்கிற ஆக்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. பிள்ளை எங்கே படுக்கிறாள், யாரிடம் ஓடிப் போகிறாள், சத்தம் கேட்டால் பயப்படுகிறாளா என்றுதான் நாங்கள் பார்ப்போம்.

நீதிமன்றத்தின் தத்தெடுப்புக் கட்டளை கிடைத்தால், சட்டத்தின் பார்வையில் அவள் உங்கள் இருவருக்கும் முறையான திருமணத்தில் பிறந்த மகள். பதிவாளர் நாயகத்தின் தத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் பதிந்து சான்றிதழ் தருவார்கள். பாடசாலை, அடையாள அட்டை, பாஸ்போட் எல்லாவற்றுக்கும் அது செல்லும். பெற்ற தாய்க்கு அதன் பிறகு பிள்ளை மேல் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆகவே உங்கள் மாமியின் பயத்துக்குப் பதில் இதுதான். கட்டளை இல்லாதவரை தங்கச்சி வந்து எந்த நேரமும் கூட்டிக்கொண்டு போகலாம். கட்டளைக்குப் பிறகு சட்டப்படி ஏலாது.

மாமிக்கு ஆறுதல் தருகிற அந்த இடம்தான் எனக்குத் தயக்கம் தருகிறது, மகள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் தங்கை மாதாமாதம் காசு அனுப்புகிறாள். பொங்கலுக்குத் தோடு அனுப்பியிருக்கிறாள். மகளைப் போனில் பார்க்கிறாள். பிள்ளையை விட்டுக்கொடுத்த தாய் செய்கிற வேலையாக எனக்கு இது தெரியவில்லை. 'பிள்ளை உங்களுக்குத்தான் அக்கா' என்கிறாள், சரி. ஆனால் வெளிநாட்டு வீடொன்றின் குசினியில் நின்றுகொண்டு, தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கிற அக்காவிடம் ஒருத்தி வேறு என்ன சொல்வாள்? அது நன்றியாக இருக்கலாம். நீங்கள் மனம் மாறிவிடக் கூடாதே என்ற பயமாக இருக்கலாம். உண்மையான முடிவாகவும் இருக்கலாம். எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'மறுகா' என்ற அந்தத் தவணையையும் கவனியுங்கள்.

இதை நான் உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நீதிபதியும் இதைத்தான் பார்ப்பார். சம்மதம் கொடுக்கிறவர் தன் தாய் உரிமை நிரந்தரமாகப் போகிறது என்பதை விளங்கித்தான் கொடுத்தாரா, இந்த ஏற்பாடு பிள்ளையின் நலனுக்கானதா, இதற்காக யாராவது காசோ வேறு ஏதாவதோ வாங்கினார்களா என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வட்ஸ்அப் குரல் பதிவு அதற்குக் காணாது. குவைத்தில் இருக்கிற இலங்கைத் தூதரகம் மூலம் சத்தியக்கடதாசி எடுக்கிற வழி இருக்கிறது, சில சட்டத்தரணிகள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தங்கை லீவில் வரும்வரை பொறுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, மகளோடு சில கிழமை ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அப்புறமும் அதையே சொன்னால் அதில் பெறுமதி இருக்கிறது.

தகப்பனையும் மறந்துவிட முடியாது. அவர்கள் பதிவுத் திருமணம் செய்து, விவாகரத்தும் ஆகாமல் இருந்தால், விட்டுவிட்டுப் போனாலும் அவர் பிள்ளையின் தகப்பன்தான். அவருடைய சம்மதமும் தேவைப்படும். பிள்ளையைக் கைவிட்டவர், தேடியும் கிடைக்காதவர், பராமரிப்புக் கொடுக்காமலே தட்டிக்கழிக்கிறவர் என்று நிரூபித்தால் நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலும் நடத்தலாம். ஆனால் 'வெலிக்கந்தைப் பக்கம் என்று கேள்வி' என்பதை வைத்து நடத்தாது. ஆளின் முகவரி தேட வேண்டும், அறிவித்தல் அனுப்ப வேண்டும். பல வழக்குகள் இழுபடுவது இந்த இடத்தில்தான். வருகிறவர் சில நேரம் சண்டை பிடிக்கவும் வருவார். பிள்ளை வேண்டுமென்று இல்லை, மனைவியோடு இருக்கிற கோபத்துக்கு.

அதுவரைக்கும் என்ன செய்வது? தத்தெடுத்தால் பிள்ளை, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடுவில் வழிகள் இருக்கின்றன. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவையான ஒரு பிள்ளையை, உறவினரோ மற்றவரோ, பொறுப்பேற்கச் சம்மதிக்கிற தகுதியான ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். 'ஃபிட் பேர்சன் ஓடர்' என்று கோட்டுப் பக்கம் சொல்வது இதைத்தான். நம் பகுதியில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் இருந்து இதை விசாரிக்கும். பெற்ற தாயின் இடம் அப்படியே இருக்க, பொறுப்பு உங்கள் கைக்கு வரும். நன்னடத்தை உத்தியோகத்தர் இடைக்கிடை வந்து பார்ப்பார். இதைவிட மாவட்ட நீதிமன்றத்தில் உங்களைப் பாதுகாவலராக நியமிக்கும்படி கேட்கிற வழியும் உண்டு. உங்கள் நிலைமைக்கு எது பொருத்தம் என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் ஒரு சட்டத்தரணி சொல்ல முடியும். இந்த இரண்டில் ஒன்றுதான் இப்போதைக்கு உங்களுக்குத் தேவை என்பது என் அபிப்பிராயம். தத்தெடுப்பு அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

கோட்டுக்குப் போனால் பிள்ளையைப் பிடித்து ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம் நம் ஊர்களில் இருக்கிறது. ஆதாரமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன், ஒரு காலத்தில் பிள்ளைகளைச் சட்டென்று அங்கேதான் அனுப்பினார்கள். இப்போது நோக்கு மாறியிருக்கிறது. 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை, முதலில் சொந்தக் குடும்பம், அடுத்தது உறவினர், இல்லம் என்பது கடைசி வழி என்று வைத்திருக்கிறது. ஏற்கெனவே பாசமாக வளர்க்கிற பெரியம்மாவின் வீட்டிலிருந்து பிள்ளையை எடுக்கும்படி அறிக்கை எழுத எந்த உத்தியோகத்தருக்கும் காரணம் கிடைக்காது. நீங்களாகவே முதலில் போய்ச் சொல்வது நல்லது. வேறு யாரோ முறைப்பாடு செய்து நாங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பது வேறு விதமாக இருக்கும்.

இதில் அரசாங்கத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தில், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்களுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்ற அந்தஸ்தைக் கொடுத்தார்கள். உறவினர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு சட்ட இடம் கொடுக்க முடியும் என்று அப்போது காட்டினார்கள். அது கடல் கொண்டுபோன குடும்பங்களுக்காக மட்டும் எழுதிய சட்டம். மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் அப்படி இலகுவான ஒன்று இருந்திருந்தால், உங்கள் தரகர் போன்றவர்களுக்கு இவ்வளவு பிழைப்பு இருக்காது.

பாடசாலை விஷயத்துக்கு வருவோம். அது நீங்கள் பயப்படுகிற அளவு பெரிய பிரச்சினை இல்லை. 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளைக்குப் படிப்புக் கட்டாயம். தகப்பன் ஊரில் இல்லை என்றோ தாய் குவைத்தில் என்றோ ஒரு பாடசாலை பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. படிவத்தில் தாய் தகப்பன் பெயர் கேட்கிற இடத்தில் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற உண்மையான பெயர்களையே எழுதுங்கள். பாதுகாவலர் என்கிற இடத்தில் உங்கள் பெயர். உங்கள் வீட்டில்தான் பிள்ளை இருக்கிறாள் என்று ஜீ.எஸ்ஸிடம் கடிதம் வாங்குங்கள். தங்கை வெளிநாடு போகுமுன் பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை எடுத்திருந்தால், பிள்ளையை யார் பார்ப்பது என்று அதில் எழுதியிருக்கும். அதன் பிரதியையும் தேடி எடுங்கள். அதிபரிடம் நேரே போய் நிலைமையைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் தாய் இருக்கிற பிள்ளை அவருடைய பாடசாலையில் இது முதல் பிள்ளையாக இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் மாமியின் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். வீடு வளவு யாருக்கு? நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற வழக்கம். நீங்கள் இருக்கிற வீடும் உங்களுக்குச் சீதனமாக வந்ததாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அதை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத் தத்தெடுப்பே தேவையில்லை. நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதலாம், மரணசாசனம் எழுதலாம். அவசரப்படவும் வேண்டாம். தத்தெடுத்தால், நீங்கள் எழுதிவைக்காமல் போனாலும் அவள் உங்கள் இருவரின் பிள்ளையாக வாரிசாவாள். ஆனால் உங்கள் உறவினர்களின் பரம்பரைச் சொத்தில் அவளுக்குப் பங்கு கேட்கப் போனால் சட்டத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன. யூடியூப்பில் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பற்றிச் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அது நமக்கு இல்லை. மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டமும் இன்று நடைமுறையில் இல்லை. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான்.

குடி (தாய்வழி வம்சம்) விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தங்கையின் மகள் என்றபடியால், தாய்வழியில் உங்களுக்கும் அவளுக்கும் ஒரே குடி. கோயில் சடங்கிலும் நாளைக்குக் கலியாணப் பேச்சிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கத் தேவையில்லை. சட்டத்துக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை. ஆனால் மாமியைச் சமாதானப்படுத்த உங்களுக்கு உதவும்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் இந்தப் பகுதியை வாசிக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. இஸ்லாத்தில் அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது பெரிய நன்மை. ஆனால் பிள்ளையின் தகப்பன் பெயரை மாற்றுவதோ, பெற்ற பிள்ளைபோல் வாரிசாக்குவதோ இல்லை. உங்களுக்கு மேலே சொன்ன பாதுகாவலர் வழி கூடுதலாகப் பொருந்தும். சொத்துக் கொடுக்க விரும்பினால் வாழும்போதே அன்பளிப்பாக எழுதலாம், வஸிய்யத் (மரணசாசனம்) என்றால் மூன்றில் ஒன்று வரை.

இனி ஹோமில் கைக்குழந்தை எடுப்பது. மாமி நினைக்கிற மாதிரி, போய்ப் பார்த்துப் பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம் இல்லை அது. இல்லப் பொறுப்பாளருக்குப் பிள்ளையைக் கொடுக்கிற அதிகாரமே கிடையாது. 'ஒரு பிள்ளை இருக்கிறது, வாருங்கள்' என்று ஒரு இல்லத்திலிருந்து யாராவது உங்களிடம் தனியாகச் சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை ஆராய்ந்து தகுதியானவர்கள் என்று கண்டால் பெயரைப் பட்டியலில் வைப்பார்கள். பிறகு காத்திருப்புத்தான், அதுவும் கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் நீண்ட காத்திருப்பு. இல்லங்களில் இவ்வளவு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, குடும்பப் பிரிவு, தாய் வெளிநாடு என்று கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். தத்துக்குக் கொடுக்கச் சட்டப்படி இடம் இருக்கிற பிள்ளைகள் மிகக் குறைவு. உங்கள் தங்கையின் மகளும், நீங்கள் மட்டும் இல்லாவிட்டால், இந்நேரம் அப்படி ஒரு கட்டிலில்தான் படுத்திருப்பாள்.

விண்ணப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் இருவருக்கும் விருப்பமென்றால் அதையும் செய்யலாம், இரண்டு பிள்ளைகள் ஒரு வீட்டில் வளரட்டும். ஆனால் இவளைத் தாய் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதற்காக இன்னொரு பிள்ளையைக் கைவசம் வைத்திருக்கிற கணக்கில் விண்ணப்பித்தால், வீட்டுக்கு வருகிற உத்தியோகத்தர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். மாமி ஒரு தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவா.

பிள்ளையிடம் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்குத் தெரியும், மகள். 'குவைத் அம்மா' என்று ஒரு பெயரைத் தானே வைத்திருக்கிறாள். அதை அழிக்காமல் விட்டால் போதும். தங்கை கோல் எடுத்தால் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். "நீ குவைத் அம்மாட வயித்துல இருந்து வந்த, எங்களோட வளருற" என்று சோறு தீத்தும்போதோ தலை வாரும்போதோ சாதாரணமாகச் சொல்லலாம். நீங்கள் சொல்லாமல் விட்டால், கண்ணகி அம்மன் சடங்குக்குக் கூடுகிற சனத்தில் யாரோ ஒரு கிழவி "நீ இன்னாற மகள்தானே" என்று கேட்பா. பதின்மூன்று வயதில் அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிட்ட பிள்ளைகளோடு நான் கதைத்திருக்கிறேன். தாங்கள் தத்துப்பிள்ளை என்பதைவிட, ஊருக்கே தெரிந்ததைத் தங்களிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய வலி. இன்னொன்று, பத்து வயதைத் தாண்டிய பிள்ளையைத் தத்தெடுக்க அந்தப் பிள்ளையின் சம்மதமும் தேவை. வழக்கு பிந்தினால் அவளிடமே கேட்கிற நாள் வரும். அப்போது அவள் புதிதாக ஒன்றைக் கேள்விப்படக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று அவர் சொல்வார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, தங்கை காசு அனுப்பிய வங்கித் துண்டுகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள். காசு அனுப்பிய துண்டு எதற்கு என்று யோசிக்காதீர்கள். தாய் பிள்ளையைக் கைவிடவில்லை என்பதற்கும், நீங்கள் அவளிடமிருந்து எதையும் மறைக்கவில்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அவர்களுடைய அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தத் தரகர் மறுபடி வந்து தொல்லை தந்தால், அல்லது வேறு யாருக்காவது இதே மாதிரிப் பிள்ளை பிடித்துக் கொடுக்கிறார் என்று தெரிந்தால், 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது, உங்கள் பெயர் சொல்லாமலும் முறைப்பாடு செய்யலாம்.

தங்கை வருகிற திகதி தெரிந்தவுடன் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் உங்கள் தங்கையோடு தனியாக உட்கார்ந்து கதைக்க வேண்டிவரும். அந்த நேரம் நீங்களும் மாமியும் அந்த அறையில் இருக்க வேண்டாம்.